சந்தனம் வைத்த இடத்தில் தெரிந்த வீடு

தாமரைக்குறிச்சி தாலுகா ஆபீசுக்கு எதிரே மனு தட்டிக்கொடுக்கிற பேராச்சியின் லேப்டாப் திரையில், ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்த இடத்தில் பூச்சு உரிந்துபோனது; உரிந்த இடத்தில் வீடு தெரிந்தது. இரண்டில் ஊருக்குப் பெரிய சேதியாகப் பட்டது முதலாவதுதான், ஏனென்றால் பட்டா மாறுதலுக்கும் வாரிசுச் சான்றுக்கும் வந்து நின்றவர்களுக்கு அன்றைக்கு மனு கிடைக்க நேரமாகிவிட்டது.

பூஜை அன்று அவள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். பிரிண்டருக்கு வைத்தாள், ஸ்டேப்ளருக்கு வைத்தாள், கைரேகை வாங்கும் மெஷினுக்கு வைத்தாள், வருஷம் முழுக்கச் சத்தம் போட்டதைத் தவிர வேறொன்றும் செய்யாத மேஜை விசிறிக்கும் பாவம் பார்த்து ஒன்று வைத்தாள். லேப்டாப்புக்கு எங்கே வைப்பது என்றுதான் யோசனையாக இருந்தது. மூடியின் முதுகில் வைக்கலாம், ஆனால் முகத்துக்கு வைக்கவேண்டியதை முதுகுக்கு வைப்பதாவது என்று திறந்து, திரையின் நட்டநடுவில் மூன்று விரலால் சந்தனம் அப்பி அதன்மேல் குங்குமம் இட்டாள். விஜயதசமி கழிந்து, ஞாயிற்றுக்கிழமையும் கழிந்து கடை திறந்தபோது சந்தனம் காய்ந்து இறுகிப்போயிருந்தது. ஈரத்துணிக்கு வரவில்லை, நகத்துக்கும் வரவில்லை. குத்துவிளக்கைப் பளபளவென்று ஆக்குகிற விபூதி இதை ஆக்காதா என்று ஒரு சிட்டிகை எடுத்து அழுத்தித் தேய்த்தாள். சந்தனம் வந்தது, கூடவே திரையின் மேல்தோலும் ஒரு வெற்றிலை அகலத்துக்கு உரிந்து வந்தது.

உரிந்த இடத்தில் அவள் முகம் தெரிந்தது. முகத்துக்குப் பின்னால் கடைச் சுவரும் காலண்டரும் தெரியவேண்டிய இடத்தில் அவளுடைய வீடு தெரிந்தது. கொடியில் சேலை ஆடிக்கொண்டிருந்தது, மாடியில் காயவைத்த வத்தலின் மேல் இரண்டு காக்கைகள் உட்கார்ந்திருந்தன. அவள் பக்கத்து வீட்டு மரியபுஷ்பத்துக்குப் போன் போட்டு, "மதினி, மாடில காக்கா வத்தல கொத்துது, கொஞ்சம் வெரட்டி விடுங்க" என்றாள். மரியபுஷ்பம் மாடிக்கு வந்து கையை வீசியதையும் காக்கைகள் பறந்ததையும் திரையில் பார்த்து முடித்துவிட்டுத்தான், ரிப்பேர்க்காரனைக் கூப்பிட்டாள்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் நெல்சன் வந்து திரையை வெயிலுக்கும் நிழலுக்குமாகச் சாய்த்துப் பார்த்தான்.

"அக்கா, வெளிச்சம் பட்டா கண்ணு கூசாம இருக்கதுக்கு மேல ஒரு பூச்சு பூசியிருப்பான். அதத்தான் நீங்க வெளக்கு தேய்க்க மாதிரி தேய்ச்சு எடுத்துட்டிய. இனி அந்த எடத்துல மட்டும் கண்ணாடி மாதிரி மொகம் தெரியும்."

"மொகம் மட்டுமா தெரியுது? பின்னால பாரு."

நெல்சன் குனிந்து பார்த்தான். அவன் தோளுக்குப் பின்னால் சர்ச் தெருவில் இருக்கிற அவன் வீட்டுக் கொல்லை தெரிந்தது, அவன் அம்மா அரிவாள்மணையில் மீன் அறுத்துக்கொண்டிருந்தார், பூனை கொஞ்சம் தள்ளி மரியாதையாக உட்கார்ந்திருந்தது.

"அம்மா இன்னைக்குச் சாளை வாங்கியிருக்கா" என்றான். பிறகு நிமிர்ந்து, "இதுக்கு மூணு வழி இருக்குக்கா. மிச்சம் இருக்க பூச்சையும் ஸ்பிரிட்டு தொட்டு மெத்துனு ஒரு துணியால முழுசா எடுத்துரலாம், திட்டுத்திட்டா இல்லாம ஒண்ணுபோல ஆயிரும். இல்ல, மேல ஒரு பிலிம் ஒட்டிரலாம். இல்ல, திரையவே மாத்திரலாம்" என்றான்.

"வீடு தெரியுதே, அதுக்கு?"

"அது வாரண்டியில வராதுக்கா."

மூன்றில் எதைச் செய்தாலும் கடையை ஒரு நாள் மூடவேண்டும். வாசலில் பதினோரு பேர் நின்றார்கள். பேராச்சி எழுத்தையெல்லாம் திரையின் இடப்பக்கமாக ஒதுக்கி வைத்துக்கொண்டு, வெற்றிலை அகலத்தை அதன்பாட்டுக்கு விட்டுவிட்டு, முதல் மனுவைத் தட்ட ஆரம்பித்தாள். தட்டும்போதே ஓரக்கண்ணால் வீட்டைப் பார்த்துக்கொண்டாள். அவள் புருஷன் சொரிமுத்து பத்தொன்பது வருஷமாக மஸ்கட்டில் இருந்து அனுப்பியதில், மணல் வந்து இறங்கிய நாளிலிருந்து பால் காய்ச்சிய நாள்வரை அவள் ஒருத்தியாக நின்று கட்டிய வீடு அது. வருகிற வைகாசியில் அவன் ஒரேயடியாக ஊருக்கு வரப்போகிறான். வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அவன் தோளுக்குப் பின்னாலும் இதே வீடுதான் தெரியும் என்று நினைத்து அவளுக்குக் கொள்ளை சந்தோஷமாக இருந்தது. விஷயம் முழுக்க அப்போது அவளுக்குத் தெரியாது.

ஊருக்கு இது பழகப் பத்து நாள் ஆனது. தாலுகா ஆபீசில் வேலை பார்க்கிற பெண்கள் பதினோரு மணி டீக்கு வரும்போது ஆளுக்கு அரை நிமிஷம் உட்கார்ந்து கேஸை அணைத்தோமா என்று பார்த்துக்கொண்டார்கள். மோட்டாரை மறந்தவர்கள் தலைதெறிக்க ஓடினார்கள். தண்ணீர் லாரி தெருவுக்கு வந்துவிட்டதா, மாடு கயிற்றை அறுத்துக்கொண்டதா, மாமனார் வெயிலில் வெளியே போய்விட்டாரா என்பதையெல்லாம் அந்த வெற்றிலை அகலத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். பரோட்டா கடையில் மாவு பிசைகிற ஒடிசாக்காரன் பாரிக் செவ்வாய்க்கிழமைதோறும் கையை நன்றாகக் கழுவிவிட்டு வந்து உட்காருவான். அவன் பின்னால் மண் சுவர் வைத்த ஒரு வீடும், முற்றத்தில் நெல்லைக் காலால் துழாவிக்கொண்டு போகும் அவன் அம்மாவும் தெரிவார்கள். ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு அக்கா" என்று எழுந்து போவான். பூக்காரி ஒருநாள் திரைக்குச் சரம் சாத்த வந்தாள். "வேண்டாம் தாயி, சாமி கும்பிட்டுத்தான் இதுக்கு இந்தக் கதி" என்று பேராச்சி சரத்தை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். திரையைத் தொடாதீர் என்று பெரிய எழுத்தில் அச்சடித்து ஒட்டினாள். அதோ எங்க ஆடு, அதோ எங்க முருங்கை என்று ஊரே விரலை வைத்து அழுத்திக் காட்டியது.

மார்கழியில்தான் விஷயத்தின் மறுபாதி தெரிந்தது. ஜெயக்கொடி டீச்சர் வருமானச் சான்றுக்கு மனு வாங்க வந்து, எல்லோரும் பார்க்கிறார்களே என்று தானும் உட்கார்ந்தார். தாமரைக்குறிச்சியில் வாழ்க்கைப்பட்டு பன்னிரண்டு வருஷம், இரண்டு பிள்ளைகள், போஸ்ட் ஆபீஸ் தெருவில் மாடி வீடு. அவர் பின்னால் தெரிந்ததோ வாழைத் தோப்புக்கு நடுவில் ஒரு ஓட்டு வீடு.

"இது களக்காட்டுல எங்க அப்பா வீடுல்லா" என்றார் டீச்சர். கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். வருமானச் சான்று மனுவை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார்.

ஆக, ராத்திரி படுக்கிற வீடு அல்ல, வரி கட்டுகிற வீடும் அல்ல, வீடு என்று சொன்னதும் ஒருவர் மனசு எங்கே போய் நிற்கிறதோ அதுதான் தெரிகிறது என்று ஊருக்குப் புரிந்துபோயிற்று. வேறு ஊராக இருந்திருந்தால் அன்றே திரையை உடைத்திருப்பார்கள். தாமரைக்குறிச்சிக்காரர்கள் சில ஒழுங்குகளை வைத்துக்கொண்டார்கள். மாமியாரும் மருமகளும் சேர்ந்து கடைக்கு வருவது நின்றது. பெண்டாட்டி உட்காரும்போது புருஷன் டீக்கடை வரைக்கும் போய் வந்தான், புருஷன் உட்காரும்போது பெண்டாட்டி செருப்பு வாரைச் சரிசெய்தாள். ஒருவர் உட்கார்ந்து எழுந்திருக்கும்வரை மற்றவர்கள் ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள், எழுந்து வந்தவரிடம் என்ன தெரிந்தது என்று யாரும் கேட்பதில்லை. எழுத்தை ஒதுக்கிவிடப் பக்கத்தில் நிற்கவேண்டியிருந்ததால் பேராச்சி ஒருத்திக்கு மட்டும் எல்லார் வீடும் தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை. அதற்காகவே ஊர் அவளைப் பார்த்துக் கொஞ்சம் பயந்தது, மற்றபடி முன்னைக்கு அதிகமாக மதித்தது.

அந்த மதிப்பைத்தான் வி.ஏ.ஓ. ஞானதிரவியம் எடுத்துக் காகிதத்தில் வைத்தார். இருப்பிடச் சான்று கேட்கிற ஒவ்வொருவர் வீட்டுக்கும் வெயிலில் பைக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்து, அக்கம்பக்கம் விசாரித்து அவருக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. "எம்மா, நீங்க பாத்தத அப்படியே மனுவுக்கு அடியில ஒரு வரி தட்டிக் கையெழுத்து போடுங்க, எனக்கு அது போதும்" என்றார். அன்றிலிருந்து மேற்படி மனுதாரர் அமர்ந்தபோது திரையில் தெரிந்த வீடு என்று ஒரு வரி எல்லா மனுவிலும் ஏறியது. மேலே இருந்து எந்த விதியின் கீழ் இது என்று ஒருமுறை கேட்டார்கள். கூடாது என்று எந்த விதியும் இல்லை என்று கீழே இருந்து பதில் போயிற்று. அப்புறம் யாரும் கேட்கவில்லை. பொய் சொல்கிறாளா என்று பார்ப்பதற்கு ஞானதிரவியம் ஏதாவது ஒரு அடையாளம் கேட்பார், வாசல்படி எந்தப் பக்கம், கிணற்றுக்கு மூடி உண்டா என்று. பேராச்சி பார்த்ததைச் சொல்வாள். ஒருமுறை அவளுடைய கூடப்பிறந்த அண்ணனே, தான் குடியில்லாத ஒரு வீட்டுக்குச் சான்று வேண்டி வந்து உட்கார்ந்தான். "வேற வீடுதான் தெரியுது" என்று அதையும் அப்படியே தட்டினாள். பொங்கலுக்கு அண்ணன் சீர் கொண்டுவரவில்லை.

வைகாசியில் சொரிமுத்து வந்தான்.

நல்ல மனுஷன். குரல் உயர்த்தத் தெரியாதவன். வந்த முதல் நாள், "டம்ளர் எங்க இருக்கு?" என்று கேட்டான், அது சரிதான் என்று அவள் எடுத்துக்கொடுத்தாள். நாற்பதாம் நாளும் கேட்டான். ஃபிரிட்ஜைத் திறக்குமுன் அவள் முகத்தைப் பார்த்தான். சாப்பிட்ட தட்டை அந்த நிமிஷமே கழுவி, துடைத்து, கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று நின்றான். கொடி நீளத்துக்குக் கிடக்க, துண்டைக் கட்டில் காலில் காயப்போட்டான். சட்டைகளுக்கென்று அவள் ஒழித்துவைத்த பீரோ தட்டு காலியாகவே இருந்தது, எல்லாம் கட்டிலுக்கு அடியில் பெட்டியில் மடித்தபடி இருந்தது. ஒருநாள் யாரிடமோ போனில், "இப்ப இங்க அவ வீட்லதான் இருக்கேன்" என்று சொன்னது அடுப்படிக்குக் கேட்டது. அதைச் சொன்னதே அவனுக்குத் தெரிந்திருக்காது. பேராச்சி தாளித்துக்கொண்டிருந்தாள், கடுகு கருகிப்போயிற்று.

அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். குடும்ப அட்டையில் அவன் பெயர் இல்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் பெயரை நீக்கச் சொல்லி உத்தரவு வந்தபோது அவளே மனு தட்டி, அவளே கையெழுத்துப் போட்டு நீக்கியிருந்தாள். இப்போது சேர்க்க இருப்பிடச் சான்று வேண்டும், சான்றுக்கு அவன் அந்த நாற்காலியில் உட்காரவேண்டும்.

"இன்னைக்கு வரட்டுமா, பேராச்சி?" என்று காலையில் கேட்பான்.

"இன்னைக்கு சர்வர் டவுனுங்க."

மூன்று மாசமாக சர்வர் டவுன். தாலுகா ஆபீஸ் சங்கதி தெரிந்த யாரும் இதைச் சந்தேகப்படமாட்டார்கள், அவனும் படவில்லை. அவள்தான் ஒவ்வொரு நாளும் கடையில் உட்கார்ந்து, தன் தோளுக்குப் பின்னால் தெரிகிற வீட்டைப் பார்த்துக்கொண்டு, அவன் தோளுக்குப் பின்னால் எது தெரியும் என்று நினைத்து நினைத்து மருகினாள். தெரியாமல் இருந்தால் அவனோடு இருந்துவிடலாம். பார்த்துவிட்டால், ஜெயக்கொடி டீச்சர் போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போக அவளுக்கு வேறு இடம் கிடையாது.

இதற்குள் வெற்றிலை அகலம் வாழையிலை அகலமாகியிருந்தது. வேர்க்குரு போட்ட தோல்போல ஓரத்தில் உரிந்து உரிந்து நாலு மூலையில் மட்டும் பூச்சு பாக்கி நின்றது. எழுத்தை ஒதுக்க இடமில்லை. கறுப்புக் குடைத்துணியைத் தலைக்குமேல் கட்டிக்கொண்டு, கண்ணைச் சுருக்கித் தட்டினாள். அப்படியும் ஒரு பட்டா மனுவில் சர்வே எண் மாறிப்போய்த் திரும்பி வந்தது, அவள் கையால் அடித்த மனு திரும்பி வந்தது அதுதான் முதல் தடவை. ஆவணியில் ஒருநாள் திரையின் குறுக்கே கறுப்பாக ஒரு கோடு விழுந்தது, மறுநாள் இரண்டு. நெல்சன் வந்து பார்த்தான்.

"பூச்சு போனது மட்டும் இல்லக்கா. ஊரு முழுக்க வெரல வச்சு அமுக்கி அமுக்கி உள்ளயே போச்சு. ஒரு வாரம் தாங்குனா பெருசு. புதுத் திரை சொல்லியிருக்கேன், திங்கக்கெழம மாட்டிருவேன்."

"புதுசுல தெரியுமாடே?"

"அதுல பூச்சு முழுசா இருக்கும், கண்ணு கூசவே கூசாதுக்கா" என்றான் நெல்சன், ஏதோ ஆறுதல் சொல்கிறவன்போல.

ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. கடைசியாக ஒரு தடவை பார்க்கிறவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பாரிக் செவ்வாய்க்கிழமைக்குக் காத்திராமல் வந்து அரைமணி நேரம் உட்கார்ந்தான், அம்மா வெளியே போயிருந்தாள், வீட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போனான். பெண்கள் கேஸை அணைத்துவிட்டுக் கையால் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்ளப் பழகினார்கள். ஞானதிரவியத்துக்குத்தான் கவலை. பைக்கை எடுக்கவேண்டிவரும் என்று, பாக்கியிருக்கிற இருப்பிடச் சான்று அத்தனையையும் வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுவதாக அவரே லிஸ்டு போட்டுக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார். லிஸ்டில் ஏழாவது பெயர் சொரிமுத்து. அவரே அவனுக்குப் போன் போட்டார்.

"வாங்க சார், சர்வர் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

சொரிமுத்து தேய்த்த சட்டை போட்டு, தலையை ஈரமாக வாரிக்கொண்டு வந்தான். வாசலில் நின்றவர்கள் வழக்கம்போல ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். ஞானதிரவியம் திரையின் முதுகுப்பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து பேனா மூடியைத் திறந்தார். பேராச்சிக்குச் செய்ய ஒன்றுமில்லை. நாற்காலியை விட்டு எழுந்தாள், அவன் உட்கார்ந்தான், அவள் பக்கத்தில் நின்றாள்.

அவன் முகம் தெரிந்தது. முகத்துக்குப் பின்னால் ஒரு நீள அறை தெரிந்தது. இரண்டடுக்கு இரும்புக் கட்டில்கள் நாலு, குறுக்கே கயிறு, கயிற்றில் கைலிகள், மூலையில் ஒரு ரைஸ் குக்கர், ஜன்னலில் அட்டை வைத்து அடைத்த ஏசி. அன்றைக்கு வெள்ளிக்கிழமை, மஸ்கட்டில் லீவு நாள், பொழுது ஏறியும் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வாசலை ஒட்டின கீழ்க்கட்டிலில், போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டு, யாரோ மெலிந்த ஆள் ஒருத்தன் சுருண்டு படுத்திருந்தான். அவன் தலைமாட்டுச் சுவரில் ஒரு கைக்குழந்தையின் படம் புதிதாக ஒட்டியிருந்தது.

சொரிமுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் கட்டிலுக்கு ஆளு வந்துட்டான்" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படியாக.

பேராச்சி மூன்று மாசமாகப் பயந்தது இதற்குத்தான், ஆனால் இப்படி வரும் என்று அவள் நினைக்கவில்லை. தன் வீடு இல்லை என்றால் கோபம் வரும், அழுகை வரும் என்றுதான் எண்ணியிருந்தாள். அவளுக்கு வந்தது அவன்மேல் இரக்கம். இங்கே நிற்கவும் இடமில்லாமல் அங்கே படுக்கவும் இடமில்லாமல் ஒரு மனுஷன் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே என்று இருந்தது.

"என்னம்மா, தெரியுதா?" என்றார் ஞானதிரவியம்.

"தெரியுது சார்."

"என்ன தெரியுது?"

அண்ணனுக்குக்கூடச் சொல்லாத பொய் அது. நாக்கில் வந்து நின்றது, அவள் அதைத் தடுக்கவில்லை.

"எங்க வீடுதான் சார். பச்சை கேட்டு. வெளிப்பக்கமா மாடிப்படி போவுது."

சொரிமுத்து தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். ஞானதிரவியம் குறித்துக்கொண்டு, வழக்கப்படி அடையாளம் கேட்டார்.

"படி எத்தனை?"

பேராச்சிக்குத் தெரியவில்லை. கட்டினவள் அவள், கொத்தனாரோடு சண்டை போட்டவள் அவள், தினமும் வத்தலைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்குகிறவளும் அவள்தான். எண்ணிப் பார்த்ததே இல்லை. ஞானதிரவியம் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"பதினாலு சார்" என்றான் சொரிமுத்து.

இருவரும் அவனைப் பார்த்தார்கள். அவன் திரையைப் பார்க்கவில்லை, தன் இரண்டு கையையும் மடியில் வைத்து அவற்றைப் பார்த்துச் சொன்னான்.

"அஞ்சாவது படி மத்தத விட ரெண்டு விரக்கட ஒசரம் கூட சார். தெரியாம ஏறுனா பெருவெரல் இடிச்சுக்கிடும், வந்ததுல இருந்து எனக்கு இடிச்சுக்கிட்டேதான் இருக்கு. மேல தண்ணி டேங்கு மூடி விரிஞ்சு கெடந்துச்சு. காக்கா எச்சம் விழுதுன்னு ஒரு கடப்பாக் கல்ல வச்சு மூடியிருக்கேன். கைப்புடிச் சுவருல கடைசியில ஒரு எடம் பூசாம விட்டுப்போயிருக்கு. அதுக்கு சிமெண்டு வாங்கணும்."

"அஞ்சாவது படியா?" என்றாள் பேராச்சி.

"ஆமா. நீ கவனிச்சதில்லையா?"

"இல்லைங்க."

ஞானதிரவியத்துக்கு இவ்வளவு அடையாளம் இதுவரை யாரும் சொன்னதில்லை. அவர் திருப்தியாகப் பேனாவை மூடி, "அந்த வரியத் தட்டுங்கம்மா. படி பதினாலுன்னு எண்ணாலயும் எழுத்தாலயும் போட்டுருங்க" என்றார்.

சொரிமுத்து எழுந்திருக்கப் போனான். அவள் அவன் தோளில் கையை வைத்து உட்காரச் சொல்லிவிட்டு, நின்றபடியே அவனைத் தாண்டிக் குனிந்து தட்டினாள். திரையில் அப்போது என்ன தெரிந்ததோ இருவருமே பார்க்கவில்லை. இருபது வருஷமாகத் தட்டுகிறவள், புதிதாகப் பழகுகிறவளைப்போல ஒவ்வொரு எழுத்தாக விசையைப் பார்த்துப் பார்த்துத்தான் அன்றைக்கு அந்த வரியை அடித்தாள், முதலில் எண்ணால், அப்புறம் எழுத்தால்.